நாயுடுபுரத்தில் ஒரு பேய்... ஏழு கேம்கள்! உங்களுக்கு எந்தப் பயம் செட் ஆகும்?

"செம ஹாரர் கேம் மச்சி, விளையாடிப் பாரு"ன்னு நண்பர் லிங்க் அனுப்புவார். ஆசையாய் டவுன்லோடு பண்ணி உள்ளே போனால், ஒரு மணி நேரம் கட்டிலுக்கு அடியிலேயே ஒளிஞ்சிருக்கச் சொல்லும். இன்னொரு நண்பர் சொன்னதை டவுன்லோடு பண்ணினால், பத்து நிமிஷத்துல நூறு ஜாம்பியைச் சுட்டுத் தள்ளியிருப்பீங்க. பயமே வராது. கேட்டால் ரெண்டுமே 'ஹாரர்' என்பார்கள். அப்போ ஹாரர்னா என்னதான் பாஸ்?

ஸ்டோரில் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும். 'சர்வைவல் ஹாரர்', 'சைக்காலஜிக்கல் ஹாரர்', 'ஆக்‌ஷன் ஹாரர்', 'கோ-ஆப் ஹாரர்' என்று வரிசையாக லேபிள்கள். காசு கொடுத்து வாங்குகிற கேமாக இருந்தால், தப்பான லேபிள் உங்க பர்ஸைக் கடிக்கும். தம்பி, தங்கச்சிக்கு போனைக் கொடுக்கும்போது தப்பான லேபிள் அவங்க ஒரு வாரத் தூக்கத்தைக் கெடுக்கும். அதனால இந்த லேபிள்களைக் கொஞ்சம் பிரிச்சு மேயலாம் வாங்க.

முதலில் ஒரு விஷயம். சினிமாவில் பேய்ப் படத்தை வகை பிரிக்க, 'பேய் யாரு?' என்று கேட்டால் போதும். 'காஞ்சனா' மாதிரி சிரிப்புப் பேயா, 'மாயா' மாதிரி சீரியஸ் பேயா, இல்லை 'பீட்சா' மாதிரி கடைசியில் கதையே வேறயா? ஆனால் கேமில் அந்தக் கேள்வி வேலைக்கு ஆகாது. அங்கே கேட்க வேண்டியது ஒண்ணுதான்: 'என் கையில என்ன இருக்கு?' துப்பாக்கியா, டார்ச் மட்டுமா, எதுவுமே இல்லையா? பேய் அதே பேயாக இருந்தாலும், உங்க கையில் இருப்பது மாறினால் கேமோட வகையே மாறிவிடும்.

இதைப் புரிஞ்சுக்க ஒரு டெஸ்ட் வைப்போம். இடம், கொடைக்கானல் நாயுடுபுரம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். ராத்திரி எட்டு மணி. பனிமூட்டம் இறங்கி எதிர் வீடே தெரியவில்லை. கரன்ட்டும் போயாச்சு. கடைக்குப் போன தம்பி இன்னும் வரலை. மேட்டுல ஒரு பாழடைஞ்ச வீடு, அதில் ஒரு பேய். நீங்க தம்பியைத் தேடிக் கிளம்புறீங்க. இதான் கதை. மேப் ஒண்ணு, பேய் ஒண்ணு. ஆனால் இதை வைத்து ஏழு கேம் பண்ணலாம். எப்படின்னு பாருங்க.

1. சர்வைவல் ஹாரர்: எண்ணி எண்ணிச் செலவு பண்ணு

கையில் ஒரு துப்பாக்கி இருக்கு. ஆனால் தோட்டா ஆறுதான். டார்ச் இருக்கு, பேட்டரி பாதிதான். பையில் எட்டு பொருளுக்குத்தான் இடம். சாவியை எடுக்கணும்னா மருந்தைக் கீழே வைக்கணும். பேயைச் சுடலாம்தான். ஆனால் இப்போ சுட்டால், வீட்டுக்குள்ளே இன்னொண்ணு நிற்கும்போது என்ன பண்ணுவீங்க?

இந்தக் கணக்குப் போடுகிற பதற்றம்தான் சர்வைவல் ஹாரர். 1989-ல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்வீட் ஹோம்', 1992-ல் பிரான்ஸிலிருந்து வந்த 'அலோன் இன் தி டார்க்' ரெண்டும் இதற்கு முன்னோடிகள். 1996-ல் கேப்காமின் 'ரெசிடென்ட் ஈவில்' வந்த பிறகுதான் 'சர்வைவல் ஹாரர்' என்ற பெயரே உலகம் முழுக்கப் பரவியது. அந்த கேமில் விளையாட்டை 'சேவ்' பண்ணுவதற்குக்கூட டைப்ரைட்டர் ரிப்பன் என்ற பொருள் தேவை. அதுவும் அளவாகத்தான் கிடைக்கும். அதாவது, சேவ் பண்றதே ஒரு செலவு!

இங்கே ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துடலாம். 2024-ல் வந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்' படம் ஞாபகம் இருக்கா? 2006-ல் கொடைக்கானல் குணா குகையில் நடந்த நிஜச் சம்பவத்தை வைத்து எடுத்தது. டெவில்ஸ் கிச்சன் என்று இருந்த அந்த இடத்துக்கு, 1991-ல் வந்த 'குணா' படத்துக்கு அப்புறம்தான் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் படத்திலும் கயிறு ஒண்ணு, நேரம் குறைவு, உயிர் ஊசலாடுது. ஆனால் அது சர்வைவல், ஹாரர் இல்லை. குழிக்கு உங்க மேல எந்தக் கோபமும் கிடையாது. உங்களைக் கொல்லணும்னு ஒண்ணு தேடி வரும்போதுதான் சர்வைவலோடு 'ஹாரர்' சேரும்.

2. ஆக்‌ஷன் ஹாரர்: வா, பார்த்துக்கலாம்

அதே நாயுடுபுரம், அதே பேய். ஆனால் இப்போ கையில் பெரிய துப்பாக்கி, பை நிறைய தோட்டா. பேயும் ஒண்ணு இல்லை, முப்பது. பனிமூட்டத்துக்குள்ளிருந்து கும்பலாக வருது. நீங்க ஓடப்போறது இல்லை, மோதப்போறீங்க.

இதுதான் ஆக்‌ஷன் ஹாரர். பயத்தைவிட பரபரப்பு ஜாஸ்தி. 2005-ல் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 4' இந்தப் பாதையைப் போட்டது. 2008-ல் வந்த 'டெட் ஸ்பேஸ்' அதில் ஒரு புதுமை செய்தது. ஹீரோ ஒரு இன்ஜினீயர். சுரங்க வேலைக்கான கருவிகள்தான் அவருடைய ஆயுதம். எதிரியின் தலையைச் சுட்டுப் பயனில்லை, கை கால்களை வெட்டினால்தான் சாகும். ஷூட்டிங் கேம் விளையாடிப் பழகியவர்களின் கையே இங்கே அவர்களுக்கு எதிரியாகிவிடும்.

கவனிச்சீங்களா? ரெசிடென்ட் ஈவில் 1996-ல் சர்வைவல் ஹாரர், 2005-ல் ஆக்‌ஷன் ஹாரர். பிறகு 2017-ல் வந்த ஏழாவது பாகம் கேமராவை ஹீரோவின் கண்ணுக்கே கொண்டுபோய், மறுபடியும் இருட்டு வீட்டுக்குள் தள்ளியது. சீரிஸ் ஒண்ணுதான். கையில் கொடுத்ததை மாற்றியபோதெல்லாம் வகையும் மாறியிருக்கு.

3. ஓடு, ஒளி: அடிக்கவே முடியாது

இப்போ துப்பாக்கியைப் பிடுங்கிடலாம். கையில் டார்ச் மட்டும்தான். பேயை அடிக்க வழியே கிடையாது. ஓடலாம், அலமாரிக்குள் ஒளியலாம், மூச்சைப் பிடிச்சுக்கலாம்.

இந்த உணர்வு கொடைக்கானல்காரர்களுக்குப் புதுசு இல்லை. டவுனுக்குள்ளேயே காட்டுமாடு வந்து நிற்கும். ராத்திரி சந்து திரும்பினால் எதிரே கறுப்பா ஒரு மலை மாதிரி நிற்குது என்றால் என்ன பண்ணுவீங்க? கல்லை எடுத்து எறிவீங்களா? சத்தம் போடாமல், முகத்தில் லைட் அடிக்காமல், மெதுவாகப் பின்னாடி நகருவீங்க. அது போகும்வரை காத்திருப்பீங்க. அந்த சில நிமிஷத்தை நாலு மணி நேரத்துக்கு இழுத்தால், அதுதான் இந்த வகை கேம்.

2010-ல் வந்த 'அம்னீஷியா: தி டார்க் டிசென்ட்' இதில் ஒரு மைல்கல். இருட்டில் நின்றால் ஹீரோவின் மனநிலை தடுமாறும். வெளிச்சத்தில் நின்றால் பூதம் பார்த்துவிடும். எங்கே நிற்பது என்பதே பிரச்னை. 2013-ல் வந்த 'அவுட்லாஸ்ட்'-ல் உங்களிடம் இருப்பது ஒரு வீடியோ கேமரா மட்டும். இருட்டில் பார்க்க அதன் நைட் விஷன் வேணும், அதுக்கு பேட்டரி வேணும். 2014-ல் வந்த 'ஏலியன்: ஐசொலேஷன்'-ல் அந்த ஏலியனைக் கொல்லவே முடியாது, கொஞ்ச நேரம் விரட்ட மட்டும்தான் முடியும்.

போனில் விளையாடுகிறவர்களுக்கு ரொம்பத் தெரிஞ்ச 'கிரானி' இந்தக் குடும்பம்தான். 2017-ல் வந்தது. பாட்டி வீட்டில் மாட்டிக்கிட்டீங்க, தப்பிக்க அஞ்சு நாள்தான். கீழே ஒரு பொருள் விழுந்தாலும் பாட்டி காதில் கேட்டுடும். பார்க்க சாதாரண கேம் மாதிரி இருந்தாலும், வகையைப் பொறுத்தவரை இது சுத்தமான ஓடு-ஒளி ஹாரர்.

4. சைக்காலஜிக்கல் ஹாரர்: பேய் வெளியே இல்லை

தம்பியைத் தேடிப் போறீங்க. அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறீங்க. "தம்பியா? உனக்கு ஏதுப்பா தம்பி?"ன்னு ஒரு பாட்டி கேட்கிறாங்க. வீட்டுக்குத் திரும்பினால், நீங்க பூட்டிட்டு வந்த கதவு திறந்திருக்கு. சுவரில் இருந்த போட்டோவில் ஒரு ஆள் குறைவு. இப்போ கையில் துப்பாக்கி இருந்தாலும் யாரைச் சுடுவீங்க?

சைக்காலஜிக்கல் ஹாரரில் உங்களிடமிருந்து பிடுங்கப்படுவது ஆயுதம் அல்ல, நம்பிக்கை. கண்ணால் பார்ப்பதையே நம்ப முடியாது. 1999-ல் கொனாமி வெளியிட்ட 'சைலன்ட் ஹில்' இதற்குப் பெரிய உதாரணம். காணாமல் போன மகளைத் தேடி ஓர் அப்பா, பனிமூட்டம் மூடிய ஊருக்குள் வருகிறார். அந்தப் பனிமூட்டத்துக்குப் பின்னால் ஒரு டெக்னிக்கல் காரணமும் இருக்கு. அன்றைய முதல் ப்ளே ஸ்டேஷனால் தூரத்துக் காட்சிகளை வரைந்து காட்ட முடியவில்லை. அதை மறைக்கப் போட்ட பனிதான், கடைசியில் அந்த ஊரின் அடையாளமே ஆனது. பூதம் பக்கத்தில் வந்தால் கையிலிருக்கும் ரேடியோ கரகரக்கும். என்ன வருதுன்னு தெரியாது, ஏதோ வருதுன்னு மட்டும் தெரியும். நவம்பர் மாசம் கொடைக்கானலில் நடந்தவர்களுக்கு இந்த ஃபீலிங்கை விளக்கவே வேண்டாம்!

2001-ல் வந்த 'சைலன்ட் ஹில் 2' இன்னும் ஆழம். இறந்துபோன மனைவியிடமிருந்து ஒருவருக்குக் கடிதம் வருகிறது. அங்கே ஊரைவிட அவருடைய மனசுதான் பயங்கரம். இந்த வகையில் ஓர் எச்சரிக்கை: 2017-ல் வந்த 'டோக்கி டோக்கி லிட்ரேச்சர் கிளப்' பார்ப்பதற்கு அழகான ஸ்கூல் லவ் ஸ்டோரி மாதிரி இருக்கும். உள்ளே தற்கொலை போன்ற கனமான விஷயங்கள் இருக்கு. 'இது குழந்தைகளுக்கானது இல்லை' என்று கேமே ஆரம்பத்தில் சொல்லிவிடும். கார்ட்டூன் படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

5. காவல் ஹாரர்: உட்கார்ந்த இடத்தில் உதறல்

இந்தத் தடவை நீங்க தம்பியைத் தேடிப் போகவே இல்லை. வீட்டுக்குள்ளே உட்கார்ந்திருக்கீங்க. எதிரே நாலு சிசிடிவி ஸ்கிரீன். ஒண்ணுல கேட், ஒண்ணுல பின்பக்கம், ஒண்ணுல மாடிப்படி. கேட்டுல நின்னுக்கிட்டிருந்த உருவம் அடுத்த தடவை பார்க்கும்போது அங்கே இல்லை. எங்கே போச்சு? இன்வெர்ட்டரில் சார்ஜ் வேற குறையுது.

இந்த வகைக்கு தமிழில் நாம் வைத்த செல்லப் பெயர்தான் காவல் ஹாரர். 2014-ல் ஸ்காட் காத்தன் உருவாக்கிய 'ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடீஸ்' இதை ஹிட் ஆக்கியது. பீட்சா கடையில் நைட் வாட்ச்மேன் வேலை. ராத்திரி பன்னிரண்டிலிருந்து காலை ஆறு மணி வரை தாக்குப்பிடிக்கணும். கதவை மூடினாலும், லைட் போட்டாலும், கேமரா பார்த்தாலும் கரன்ட் செலவாகும். நகரவே முடியாது என்பதுதான் இங்கே பயம்.

ஜம்ப் ஸ்கேர், அதாவது திடீர்னு 'பே'ன்னு முகத்துக்கு நேரா வருவது, இந்த வகையில்தான் அதிகம். ஆனால் ஜம்ப் ஸ்கேர் என்பது ஒரு வகை இல்லை, ஒரு கருவி. எல்லா வகையிலும் அது வரலாம். சாம்பாரில் பெருங்காயம் மாதிரி, அளவு மீறினால் கெட்டுப்போகும்.

6. முடிவெடு ஹாரர்: யார் சாகணும்னு நீங்கதான் சொல்லணும்

இப்போ கையில் ஆயுதம் எதுவும் இல்லை. திரையில் ரெண்டு வரி மட்டும் வருது. 'தம்பியைத் தேடிக் காட்டுக்குள் போ', 'அக்காவுடன் வீட்டிலேயே இரு'. யோசிக்க அஞ்சு விநாடி. எதைத் தொட்டாலும் கதை அந்தப் பக்கம் திரும்பிவிடும், சில நேரம் ஒரு உயிரும் போகும்.

2015-ல் வந்த 'அன்டில் டான்' இதற்கு நல்ல உதாரணம். பனி மலையில் ஒரு வீடு, ஒரே ராத்திரி, எட்டு நண்பர்கள். உங்க முடிவுகளைப் பொறுத்து எட்டு பேரும் பிழைக்கலாம், எட்டு பேரும் சாகலாம். ஒருத்தர் செத்தால் கேம் அங்கே முடியாது, அவர் இல்லாமல் தொடரும். அதுதான் வலிக்கும்.

விளையாட்டில் சாவு என்பது விசித்திரமான விஷயம். ஒரே இடத்தில் பத்து தடவை செத்தால் பேய் மேல பயம் போய் எரிச்சல் வந்துடும். அதனால்தான் நல்ல ஹாரர் கேம்கள் சாவை விலை உயர்ந்ததாக வைத்திருக்கும். இதை நம்ம ஊர் சினிமாவும் பிடிச்சிருக்கு. அஸ்வின் சரவணன் இயக்கத்தில் 2019-ல் வந்த 'கேம் ஓவர்' படத்தில் டாப்ஸி ஒரு கேம் டிசைனர். கேமில் வருகிற மாதிரியே அவருக்கும் மூணு லைஃப். ஒவ்வொரு லைஃப் போகும்போதும் நாம பதறுவது, மிச்சம் எத்தனைன்னு நமக்குத் தெரியும் என்பதால்தான்.

7. கூட்டு ஹாரர்: நண்பன் இருக்க பயமேன்?

கடைசியாக, உங்களோடு மூணு நண்பர்கள். ஒருத்தன் கையில் தெர்மாமீட்டர், ஒருத்தன் கையில் கேமரா. 2020-ல் வந்த 'ஃபாஸ்மோபோபியா'-வில் உங்க வேலை பேயை அழிப்பது இல்லை, அது எந்த வகைப் பேய் என்று கண்டுபிடிப்பது. உங்க மைக்கில் நீங்க பேசுவதைப் பேயும் கேட்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கோபப்படும்!

2023-ல் வந்த 'லீத்தல் கம்பெனி'-யில் நண்பர் பக்கத்தில் இருந்தால்தான் அவர் குரல் கேட்கும். பேசிக்கொண்டே போனவர் குரல் பாதியில் நின்றால், அதைவிடப் பெரிய பேய் வேண்டாம். 2016-ல் வந்த 'டெட் பை டேலைட்' இன்னொரு படி மேலே. நாலு பேர் ஜெனரேட்டர்களைச் சரி செய்து தப்பிக்கணும், அஞ்சாவது ஆள்தான் கொலைகாரன். பேயாக விளையாடுவதே உங்க நண்பன்தான்.

ஆனால் ஒண்ணு. நாலு பேர் சேர்ந்தால் பயம் பாதி, சிரிப்பு மீதி. ஹாரருக்குப் புதுசு என்றால் இங்கிருந்து ஆரம்பிப்பது நல்லது.

டவுன்லோடுக்கு முன்னாடி அஞ்சு கேள்வி

வகையெல்லாம் கலந்தும் வரும். ஒரே கேமில் பாதி ஓட்டம், பாதி சண்டை இருக்கலாம். அதனால லேபிளை மட்டும் நம்பாமல், ரெண்டு நிமிஷ விளையாட்டு வீடியோவைப் பார்த்து இந்தக் கேள்விகளைக் கேளுங்க.

திருப்பி அடிக்க முடியுமா? முடியாது என்றால் அது ஓடு-ஒளி அல்லது காவல்.

அடிக்க முடியும்னா, தோட்டா எண்ணி வைக்கிற அளவுக்குக் குறைவா? ஆமாம் என்றால் சர்வைவல். இல்லை என்றால் ஆக்‌ஷன்.

கண்ணால் பார்ப்பதை நம்பலாமா? சந்தேகம் வந்தால் சைக்காலஜிக்கல்.

விரலைவிட முடிவுக்கு வேலை அதிகமா? அப்போ முடிவெடு ஹாரர்.

கூட யாராவது இருக்காங்களா? இருந்தால் கூட்டு ஹாரர்.

சீக்கிரம் படபடப்பு வருகிறவர், நிராயுதபாணியாக நிற்க வைக்கிற மூணாவது, அஞ்சாவது வகைகளைத் தள்ளிப்போடலாம். மனசு சரியில்லாத நாளில் நாலாவது வகை வேண்டவே வேண்டாம். ராத்திரி ஹெட்போனைக் கழற்றிட்டு விளையாடினாலே பாதி பயம் குறையும், ஏன்னா ஹாரர் கேமில் பயம் பாதி காதுவழியாகத்தான் வருது. சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன்பு, ப்ளே ஸ்டோரில் போட்டிருக்கிற வயது வரம்பை ஒரு தடவை பார்த்துடுங்க. பொம்மை முகம் போட்ட ஐகான் எல்லாம் குழந்தைகளுக்கான கேம் இல்லை.

நம்ம ஊர்ப் பேய் எப்போ வரும்?

இந்தோனேசியாவில் 2014-லேயே 'ட்ரெட்அவுட்' வந்துடுச்சு. ஸ்கூல் பொண்ணு ஒருத்தி, தன் ஸ்மார்ட்போன் கேமராவால் அந்த ஊர்ப் பேய்களைப் படம் பிடித்தே விரட்டுவாள். தாய்லாந்தில் 2017-ல் 'ஹோம் ஸ்வீட் ஹோம்'. அதே வருஷம் தைவானின் 'டிடென்ஷன்', 1960-களில் அங்கே இருந்த ராணுவச் சட்டக் காலத்தையே ஹாரராக மாற்றியது. இந்தியாவில் 'கமலா' என்ற கேம், 1980-களின் வீடு ஒன்றில் புதுமணப்பெண்ணுக்குப் பேயோட்டுவதைக் கதையாக்கியது.

தமிழில் பேய்க்கதைக்குப் பஞ்சமே இல்லை. புளியமரம், பாழுங்கிணறு, சுடுகாட்டுப் பாதை, மலையடிவார பங்களா என்று ஊருக்கு ஒண்ணு இருக்கு. உங்கள்ல யாராவது கேம் டிசைன் படிச்சுக்கிட்டிருந்தால், பேய்க்கு என்ன புடவை கட்டுவது என்று முதலில் யோசிக்காதீங்க. விளையாடுகிறவர் கையில் என்ன கொடுக்கப் போறீங்க? அணையப்போகிற அரிக்கேன் விளக்கா, ஒரே ஒரு எலுமிச்சம்பழமா, அஞ்சு சதவிகிதம் சார்ஜ் இருக்கிற போனா? அதை முடிவு பண்ணிட்டு அப்புறம் பேயைக் கூப்பிடுங்க.